தூக்கிய கை

"கையைத் தூக்குனா மூச்செடுப்பாங்க. எறக்குனாத்தான் பாடுவாங்க. தூக்குன கையை அப்படியே வச்சிருந்தா, பாவம், மூச்சை அடக்கிக்கிட்டுத் தவிப்பாங்க," என்பார் மாஸ்டர்.

கோயில் பாடகர் குழுவை நடத்தப் பழகிய எங்கள் மூவரில், அவரிடம் அதிகம் திட்டு வாங்கியவள் நான்தான்.

"எறக்க என்னம்மா பயம், செலின்?"

"தப்பாயிரும்னு, மாஸ்டர்."

"தப்பானாப் பரவாயில்ல. அவுங்களைத் தவிக்க விடாத."

அன்று காலை குழு முழுவதும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. மற்ற இருவரும், மாஸ்டரும்கூட அவர்களோடு இருந்தார்கள். நான் கையைத் தூக்கினேன். எல்லோரும் மூச்சை இழுத்தார்கள்.

என்னால் இறக்க முடியவில்லை.

"எறக்கும்மா," என்றார் மாஸ்டர், ரயில் ஜன்னலிலிருந்து.

இந்தியக் கப்பலுக்கு அவர்களை ஏற்றிக்கொண்டு, அந்தக் கோச்சி பதுளை ஸ்டேஷனை விட்டு நகர்ந்தது. இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்து இங்கேயே நின்றுவிட்ட நான், போய்வாருங்கள் என்று சொல்லத்தான் கையைத் தூக்கியிருந்தேன்.