சீர் வண்டி

"கல்யாணச் சீருக்கு வண்டி பாக்கணும்," என்றபடி சீனாவின் லியூஜோ நகரத்துக் கார் ஷோரூமுக்குள் நுழைந்தார்கள் தாய் யூலானும் மகள் ஜியாலிங்கும். விற்பனையாளன் மெங் அவர்களை நேராகக் குட்டி மின்சாரக் காரிடம் அழைத்துப் போனான்.

"போன வருஷம் வரைக்கும் பொண்ணு வீட்டுச் சீர்னா பெரிய பெட்ரோல் காருதான் அக்கா. இப்போ பத்துக்கு எட்டு இதுதான் போகுது."

"தீப்பெட்டி மாதிரி இருக்கே! மாப்பிள்ளை வீட்ல சிரிக்க மாட்டாங்க?" என்றாள் யூலான்.

"சிரிச்சா சிரிக்கட்டும்மா," என்ற ஜியாலிங் மெங்கிடம் திரும்பினாள். "ஒரு தடவை சார்ஜ் போட்டா எவ்வளவு தூரம் ஓடும்?"

"நூத்தம்பது கிலோமீட்டர்."

"அங்கேர்ந்து நம்ம வீடு முப்பதுதான். தாராளம்."

விவரமான பெண், இப்போதே தாய் வீட்டுக்குத் தூரம் பார்க்கிறாளே என்று மெங் மனசுக்குள் சிரித்துக்கொண்டான்.

"வண்டி யார் பேர்ல?"

"கல்யாணப் பொண்ணு பேர்லதான்," என்றாள் ஜியாலிங்.

அடையாள அட்டைக்காக அவளிடம் கை நீட்டினான் மெங். அவள் கைப்பையைத் திறக்கவே இல்லை. யூலான்தான் முகம் சிவக்கத் தன் அட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

மெங் அட்டையையும் யூலானையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்பா போய்ப் பதினோரு வருஷமாச்சு. அம்மாவுக்குப் பொண்ணு வீடு இப்போ நான்தான்," என்ற ஜியாலிங், அம்மாவின் தோளைப் பிடித்தாள். "அந்த மனுஷன் ஒரு சொல் தப்பாப் பேசினாலும், யாரையும் கேக்காம இதுல ஏறி நம்ம வீட்டுக்கு வந்துடணும். தெரிஞ்சுதா?"

"சரிம்மா," என்றாள் கல்யாணப் பொண்ணு.