திருடிக்குப் பொருத்தமான பேர்

"என் கதையில பேரை மாத்த உங்களுக்கு யார் சார் அதிகாரம் குடுத்தது?"

எழுத்தாளர் போனில் போட்ட சத்தத்தில் மாடி வீட்டு நாய் குரைத்தது.

பத்திரிகையின் உதவி ஆசிரியர் இந்த மாதிரி எத்தனையோ பேரைப் பார்த்தவர். "நீங்க மெயில்ல அனுப்பினதுல ஓர் எழுத்தைக்கூட நாங்க தொடலை சார்" என்றார் நிதானமாக.

"அப்போ நகை திருடற வேலைக்காரிக்கு என் பொண்டாட்டி பேர் எப்படி வந்துச்சு? அடுத்த இதழ்ல திருத்தம் போடுங்க!"

"ஆசிரியரைக் கேட்டுட்டுக் கூப்பிடறேன் சார்."

போனை வைத்த பிறகுதான் எழுத்தாளருக்கு உறைத்தது. பேனாவில் எழுதுவதோடு அவர் வேலை முடிந்துவிடும். கம்ப்யூட்டரில் அடித்து அனுப்புவது மனைவி.

அவள் சோபாவில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீதானா?"

"கை தவறிடுச்சு."

"ஒரு இடத்துல தவறலாம். கதை முழுக்கவா தவறும்?"

அவள் தலையணை உறையை உதறி மடித்தாள்.

"காலையிலேயே உங்கண்ணன் போன் பண்ணி, 'வீட்ல ஏதாவது பிரச்சினையா மாப்பிள்ளை'ன்னு கேக்கறார். ஆபீஸ்ல சிரிப்பாய்ச் சிரிக்கப்போறாங்க. மானமே போச்சு!"

"பேரை மாத்துங்கன்னு நான் சொன்னப்போ, 'கதைதானே, பேர்ல என்ன இருக்கு'ன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது வேற, இது வேற! சின்னக் கதையில பாதி வேலையைப் பேர்தான் செய்யணும். பேரைப் படிச்சதுமே, இவதான் எடுத்திருப்பான்னு தோணணும். எவ்வளவு பொருத்தமா வச்சிருந்தேன். கெடுத்துட்டியே!"

அப்போது சமையல்காரம்மா உள்ளே வந்தாள். கையில் அதே பத்திரிகை.

"அக்கா, பஸ்ஸுக்கு நிக்கும்போது என் பொண்ணு சாரோட கதையைப் படிச்சுக் காட்டினா. திருடிக்கு உங்க பேரா? நீங்க ஒண்ணும் கேக்கலையா?"

"கதைதானேம்மா" என்றாள் மனைவி.

"உங்களுக்குப் பெரிய மனசுக்கா. நானா இருந்தா என் பொண்ணு முகத்துல எப்படி முழிப்பேன்? நாளைக்கு எந்த வீட்ல ஒரு கரண்டி காணாமப் போனாலும் என்னைத்தானே பார்ப்பாங்க? அன்னிக்கே வேலையை விட்டு நின்னிருப்பேன்."

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு மேஜை ஓரமாக உட்கார்ந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்தாள்.

போன் அடித்தது. உதவி ஆசிரியர்தான்.

"ஆசிரியர் சரின்னுட்டார் சார். திருத்தம் போட்டுடலாம். திருடிக்கு நீங்க வச்ச பேரைச் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

எழுத்தாளர் வாயைத் திறந்தார். அந்தப் பேருக்குச் சொந்தக்காரி எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

மனைவி துணி மடிப்பதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். தான் வைத்த ஒரு பேரைச் சொல்ல முதல் தடவையாக அவருக்கு வெட்கமாக இருந்தது.

"சார், லைன்ல இருக்கீங்களா? என்ன பேர்?"

"திருத்தம் வேண்டாம் சார்" என்றார். "இங்கேயே திருத்தித்தான் அனுப்பியிருக்கோம்."