பாறைமேல் ஒத்திகை

நார்த்தாமலைப் பாறையில் நாலு மணி வெயில் வழுக்கிக் கிடக்கிறது. கனத்துக்காக முதுகுப்பையில் ரேஷன் அரிசியைக் கட்டிக்கொண்டு பிரகதீஸ்வரி மூச்சு வாங்க ஏறுகிறாள். அடுத்த மாதம் இமயமலை ஏற வேண்டும். அதற்குத்தான் இந்தப் பழக்கம். புது ஷூ குதிகாலைக் கடிக்கிறது. உச்சியில், பாறை இடுக்கில் காய்ந்து நிற்கும் புல்லை ஆடுகள் கரகரவென்று கடிக்கின்றன. அவற்றை மேய்க்கும் செங்கமலம் குடைக்கடியில் உட்கார்ந்திருக்கிறாள். பிரகதீஸ்வரி இமயமலைப் பயணத்தைச் சொன்னதும் கேட்கிறாள்.

“அம்புட்டுத் தூரம் போயி என்னத்தப் பாக்கப் போறீங்க?”

“புல்வெளிதாங்க. மலைக்கு மேல கண்ணுக்கெட்டுன வரைக்கும் புல்லு. ஆள் அரவமே இருக்காதாம்.”

செங்கமலம் ஆடுகளைப் பார்க்கிறாள், வெறும் பாறையைப் பார்க்கிறாள். “இங்கிட்டு மட்டும் யாரு இருக்கா?”

கணவர் இறந்ததிலிருந்து வீட்டில் டிவியைப் பிரகதீஸ்வரி அணைப்பதே இல்லை. பூட்டிய வீட்டுக்குள் இப்போதும் அது பேசிக்கொண்டிருக்கும். கீழே திருச்சி பஸ் ஒன்று ஊர்ந்து போகிறது. அதன் சத்தம் மேலே வரவில்லை. கிளம்பலாமென்று பையின் வாரை இழுத்துக்கொள்கிறாள்.

“செத்த ஒக்காந்துட்டுப் போங்க. காலையிலேருந்து ஆட்டுக்கிட்டதான் பேசிக்கிட்டுக் கெடக்கேன்.”

செங்கமலம் குடையைச் சாய்த்துப் பிடிக்கிறாள். அவளுடைய ஒரு தோள் வெயிலுக்கு வந்துவிடுகிறது. பிரகதீஸ்வரி அரிசியை இறக்கி வைக்கிறாள்.