துடைத்தால் போகாது

கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, கறுத்துப்போன இடத்தை விரலால் அழுத்திப் பார்த்தார் அவர். அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

“எத்தனை நாளா இருக்கு?”

“மழை ஆரம்பிச்சதிலேருந்து. அடுத்த வாரம் நாலு பேர் வர்ற விசேஷம். இதோட எப்படிங்க எல்லார் முகத்துலயும் முழிக்கிறது?”

“என்ன போட்டீங்க?”

“தினமும் கிருமிநாசினி வெச்சுத் துடைக்கிறேன். போன மாதிரி போயி, நாலாம் நாள் வந்து நிக்குது.”

அவர் சிரித்தார். “பாக்டீரியான்னா ஒத்தை ஆளு. மருந்து பட்டதும் அதோட தோல் கிழிஞ்சு அங்கேயே காலி. இது பூஞ்சை. நூல் நூலா உள்ள இறங்கிக் குடித்தனம் பண்ற கூட்டுக் குடும்பம். மருந்து மேல இருக்கிறவங்களைத்தான் கொல்லும். உள்ள இருக்கிறவங்க மறுபடி எட்டிப் பார்ப்பாங்க. முதல்ல ஈரத்தை நிறுத்தணும். நல்லாக் காயவிட்டு, சுரண்டி எடுத்துட்டு, அப்புறம்தான் மருந்து. ஒரே வாரத்துல பளபளன்னு ஆயிடும்.”

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவர் சுவரை விட்டு நகர்ந்து, பெயிண்ட் வாளியை ஓரமாக வைத்துவிட்டு, தயங்கித் தயங்கிச் செருப்பைக் கழற்றினார்.

“டாக்டரம்மா, கிளினிக் திறக்கிறதுக்கு முன்னாடியே கேக்குறேன்னு நினைக்காதீங்க. இந்தக் கால்விரல் இடுக்குல ஒரே அரிப்பு. தினமும் கிருமிநாசினி ஊத்தித்தான் கழுவுறேன். போவேனாங்குது.”

அவள் தன் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினாள்.

“எத்தனை நாளா இருக்கு?”

“மழை ஆரம்பிச்சதிலேருந்து…” என்றவர் சுவரையும் தன் காலையும் மாறி மாறிப் பார்த்தார். சட்டென்று காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“டாக்டரம்மா, சுரண்டுறது மட்டும் வேணாம்!”