பெர்பெத்துவா பாடியது

என் மகள் பெர்பெத்துவா இறந்த முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டில் இருந்தவர்கள் நான், தம்பி லாசர், அவன் மனைவி ரெஜினா, லிஸ்பனிலிருந்து வந்த மாப்பிள்ளை துவார்த்தே. வேறு யாரும் இல்லை.

மாப்பிள்ளைக்குத் தமிழ் அரைகுறை. காதில் மாட்டும் மொழிபெயர்ப்புக் கருவி தரும் பொதுமொழியில்தான் பேசிக்கொள்வோம். யாரோ உட்கார்ந்து செய்த மொழி. அதில் இறந்தகாலம் ஒன்றே: நடந்தது, முடிந்தது. மாப்பிள்ளையின் போர்த்துகீசியத்தில் முடிந்துபோனதற்கு ஒன்று, வழக்கமாக நடந்துவந்ததற்கு இன்னொன்று என்று இரண்டு உண்டு.

அவர் தம் மொழியில் மனைவியைப் பற்றி நெடுநேரம் பேசினார். கருவி, “மீன் கழுவும்போது பாடினாள். முடிந்தது” என்றது.

“ஒருவாட்டிதானா? தெருவே காதப் பொத்துமே!” என்றான் லாசர். ரெஜினா முறைத்தாள்.

எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை மறுபடி சொன்னார். கருவியும் மறுபடி, “முடிந்தது” என்றது. என் வீட்டில் என் மகளைப் பற்றி யாரும் அப்படிப் பேசியதில்லை.

“தமிழ்ல சொல்லுங்க மாப்ள. தப்பாச் சொன்னாலும் பரவால்ல” என்றேன்.

அவர் யோசித்தார். “பாடுவா, மாமா. மீன் கழுவினா பாடுவா. தினம் பாடுவா.”

ரெஜினா அழுதாள்.

துக்க வீட்டில் மாப்பிள்ளை கருவியைக் கழற்றி எறிந்தார் என்று ஊரில் பேச்சு. தவறு. அவர் மரியாதை தெரிந்தவர். எறிந்தவன் நான்.