நாக்கைத் தேடிய துரை

பீப்பாய்க் கொட்டகைக்குள் துரை நுழையும்போது அவன் முழங்கால்வரை சேறு. மறுபடியும் எங்கோ தோண்டிவிட்டு வந்திருக்கிறான்.

துரை என்று இப்போது யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. போன வருஷம் லண்டனிலிருந்து எங்கள் தீவுக்கு வந்து இந்தக் கரும்புத் தோட்டத்தையும் ரம் ஆலையையும் வாங்கிய பையன், கிராஃப்டன் என்று பெயர். எங்களுக்குத்தான் வாய் பழகிவிட்டது.

அவன் தேடுவது மணியின் நாக்கை.

கரும்புச்சாறு காய்ச்சுகிற பழைய கட்டடத்தின் வளைவில் ஒரு வெண்கல மணி தொங்குகிறது. அடிமைக் காலத்தில் விடிவதற்குமுன் நாலு மணிக்கு அதை அடித்தால், நேற்றுப் பிள்ளை பெற்றவளும் எழுந்து வெட்டுக்கத்தியோடு வரிசையில் நிற்க வேண்டும். விடுதலை வந்த ஆகஸ்ட் முதல் தேதியன்று எங்கள் சனம் மேலே ஏறி அதன் நாக்கைக் கழற்றிவிட்டது. இருட்டில் இனி ஒருவரையும் அது எழுப்பக் கூடாது என்று சத்தியம். அன்றிலிருந்து மணி ஊமை.

ஸ்வீட் ரெஸ்ட், இனிய இளைப்பாறல். தோட்டத்துக்கு அப்படிப் பெயர் வைத்த புண்ணியவான் ஒரு கரும்பாவது வெட்டியிருப்பானா?

துரைக்குப் பழைய நாக்கேதான் வேண்டும். புதிதாக ஒன்றை மாட்டினால் பொய்யாகிவிடுமாம். அதற்கு மணி சும்மாவே தொங்கட்டும் என்றான். ஊரும் மனமுவந்து அவனுக்கு உதவியது. மீன்காரி ஆற்றைக் காட்டினாள். ஆலைக்காரர்கள், ரம் காய்ச்சி மிஞ்சிய கழிவு ஊறுகிற குழியைக் காட்டினார்கள். அந்த நாற்றம் அவனைவிட்டுப் போக மூன்று நாள் ஆயிற்று. பாதிரியார்கூடக் கல்லறைத் தோட்டத்தின் மூலையைக் காட்டினார். ஆண்டவர் மன்னித்திருப்பார்.

அது எங்கே இருக்கிறது என்று ஊருக்கே தெரியும்.

என் புருஷன் ஸெப்டிமஸ் பீப்பாய் செய்கிறவர். அவருடைய அப்பனும் பாட்டனும் இதே கொட்டகையில் செய்தவர்கள். அப்பன் கை பட்டுத் தேய்ந்த சுத்தியல், பிடிக்குத் தோல் சுற்றியது, அதுதான் இன்றும் அவருக்கு. வெயில் வாசலைத் தாண்டாமல் முதல் அடி அடிக்க மாட்டார். ஏன் என்று துரை கேட்டதற்கு, "இருட்டுல கண்ணு தெரியாதே தொர" என்றார்.

இப்போது பீப்பாய்கள் அமெரிக்காவிலிருந்து செய்தே வருகின்றன. மாசக் கடைசியோடு அவருக்கு வேலை இல்லை. வேலை போனால் தோட்டத்து வீடும் போய்விடும்.

நாக்கைக் கொண்டுவருகிறவருக்கு மணியடிக்கிற வேலை, சாகும்வரை வீடு என்று துரை சொல்லியிருந்தான்.

காலையில் நான்தான் வாய் திறந்தேன். "குடுத்துத் தொலைச்சிரு, மனுஷா. செத்துப்போனவங்க வந்து நமக்குக் கூரை போட்டுத் தரப்போறாங்களா?"

அவர் காபியைக் குடிக்காமலே எழுந்து போனார்.

பக்கத்துக் கிடங்கில் ரம் ஊறுகிறது. அந்த வாசனையில் பத்து நிமிஷம் நின்றால் யாருக்கும் கண் சொக்கும். பலகை இடுக்கு வழியாக மத்தியான வெயில் பாகு மாதிரி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. ஒழுகுகிற பீப்பாய் எது என்று பார்க்கக் கொட்டகைக்கு வந்த நான், வந்த வேலையை மறந்து நின்றேன்.

துரை ஒரு குவளை ரம் ஊற்றிக்கொண்டான். முன்னோருக்கென்று ஒரு சொட்டுக்கூடத் தரையில் விடாமல் குடித்தான். பாவம், சொல்லிக்கொடுக்க ஆளில்லை.

"அந்த நாக்கு மட்டும் கிடைச்சுடட்டும். ஆகஸ்ட் ஒண்ணாம் தேதி, இருட்டோட நாலு மணிக்கு அடிக்கறோம். விருந்தாளிங்க காபியோட வராண்டாவுல நிப்பாங்க. நீங்கல்லாம் தலையில துணி கட்டி, கத்தியோட வரிசையா வரணும். இவாட்னி, நீதான் முதல்ல!"

என்னைக் காட்டி ஆசையாகத்தான் சொன்னான். முகத்தில் துளி கெட்ட எண்ணம் கிடையாது.

எனக்கு அந்த வரிசை தெரிந்தது. ரம் வாசனைதான் காட்டியதோ என்னவோ. இருட்டு, பனி, ஈரமான கால்கள். முதலில் நின்றவளுக்கு என் முகம். அவள் இடுப்பில் இருந்த குழந்தை தூக்கம் கலைந்து அழுதது. காலையில் நான் சொன்ன சொல் ஞாபகம் வந்து வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

துரை ஸெப்டிமஸின் சுத்தியலை எடுத்து, பீப்பாயின் இரும்புப் பட்டையில் விளையாட்டாக ஒரு தட்டு தட்டினான்.

டங்.

"நல்ல கனம்" என்றான். "ஸெப்டிமஸ், உனக்கு நிஜமாவே தெரியாதா?"

அவர் என்னைத்தான் பார்த்தார். நான் என்ன சொன்னாலும் அதுதான் என்கிற பார்வை. முப்பது வருஷம் குடியிருந்த வீடு அப்போது என் வாயில் இருந்தது.

"அவருக்கு என்ன தெரியும் தொர?" என்றேன். "கடல்ல போட்டுட்டாங்கன்னு எங்கம்மா சொல்லுவா. முங்கித்தான் பாருங்களேன்."

துரை பெருமூச்சு விட்டான். சுத்தியலை ஸெப்டிமஸிடம் நீட்டிவிட்டு, படகுக்கு ஆள் சொல்லப் போனான்.

மாசக் கடைசியில் எங்கே போவோம் என்று எனக்குத் தெரியவில்லை. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

ஸெப்டிமஸ் சுத்தியலை இரண்டு கையாலும் வாங்கியிருந்தார். பிடியில் தோல் நெகிழ்ந்து, மணிக்குள் மாட்டுகிற வளையம் வெளியே தெரிந்தது. தோலை இழுத்து அதை மறுபடி மூடிக் கட்டினார்.

பிறகு வாசலைப் பார்த்தார். வெயில் நன்றாக உள்ளே வந்திருந்தது. அடிக்க ஆரம்பித்தார்.