கல்வெட்டுக்கு ஒரு படம்

இறந்துபோன குகதாசனின் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு என்னும் நினைவு மலர் அச்சடிக்க அவருடைய படம் தேவைப்பட்டது. படங்கள் எல்லாம் அவருடைய போனில் இருந்தன. மூத்த மகன் அதைச் சவப்பெட்டிக்குள் வைத்துவிட்டான். அது உடலோடு எரிந்துபோனது. மனைவி தவமலர் கொடிகாமத்தில் நிருஷனின் போன் கடைக்குப் போனார்.

"ஒன்லைன் பக்கப்பிலை படங்கள் இருக்கும் அன்ரி. பாஸ்வேர்ட் தெரியுமோ?"

"ஓம், என்ரை பேர்தான். அந்த மனிசனுக்கு வேறை என்ன ஞாபகம் நிக்கும்?"

படங்கள் வந்தன. தவமலர் ஒன்றைத் தெரிந்தெடுத்தார். நிருஷன் திரையைக் கூர்ந்து பார்த்தான். அந்தப் போனிலிருந்து கடைசியாகப் பக்கப் ஆனது, தவமலர் கடைக்கு வந்த அதே நாள் காலை ஐந்து பத்துக்கு.

"போன் எரிஞ்சது உண்மையோ அன்ரி?"

"சாம்பலுக்குள்ளை அதின்ரை தகட்டைக் கண்டனான்."

"வீட்டு வைஃபையிலை, சார்ஜிலை போட்டிருந்தால்தான் இது பக்கப் ஆகும். வைஃபை பாஸ்வேர்ட்டை மாத்துங்கோ, நிண்டிடும்."

"பிறகு வராதோ?"

"வராது."

வீட்டுக்கு வந்த தவமலர் பாஸ்வேர்ட்டை மாற்றவில்லை. தன் சார்ஜரைக் கணவர் படுக்கும் பக்கத்துச் சுவரில் செருகி, வயரைத் தலையணையில் வைத்தார்.

காலையில் வயரின் முனை சூடாக இருந்தது. அதில் ஒட்டியிருந்த சாம்பலை அவர் துடைக்கவில்லை.